அஃப்சானாவுக்காக நேர்ந்துகொண்ட பிரியாணி

திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் வாஹித் கையால் ஆக்கிய பிரியாணியைச் சாப்பிடாத வீடு உண்டா என்று கேட்டால், உண்டு. ஒரே ஒரு வீடு. அது அவருடைய வீடு.

இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. "என்ன பாய், ஊருக்கெல்லாம் கறியும் சோறும் ஆக்கிப் போட்டுட்டு வீட்டுல போயி ரசம் ஊத்திச் சாப்பிடுறீங்களாமே?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "வாய்க்கு ஓய்வு வேணும்ல அப்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கேலி செய்தவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. தெரிந்த பாதிப் பேர் மறந்திருப்பார்கள். அடுத்த வீட்டுச் சங்கடம் நமக்கு எத்தனை நாள் ஞாபகம் இருக்கும், சொல்லுங்கள்.

வாஹித் கடை வைத்திருக்கவில்லை. கல்யாணச் சமையல்தான். ஓட்டல் மாஸ்டர்களை அவர் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. "அவங்க பிளேட்டுக்கு ஆக்குறாங்க, நான் பந்திக்கு ஆக்குறேன்" என்பார். சீரகச் சம்பா அரிசி, வெள்ளாட்டுக்கறி, நிறைய புதினா. கடைசியில் வெண்ணெய் போல அரைத்த முந்திரி. அந்த முந்திரி இறங்கினால்தான் அது கல்யாணப் பிரியாணி, இல்லாவிட்டால் வெறும் கறிச்சோறு என்பது அவருடைய கட்சி. அதில் யார் என்ன சொன்னாலும் இறங்கி வரமாட்டார்.

அவர் வேலையில் ஒரு வினோதம் உண்டு. மண்டபத்துக்குப் பின்னால், புகையில் நிற்கிற சமையல்காரர் பந்தியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய மச்சான் முகமது யாசின்தான் உள்ளுக்கும் வெளிக்கும் நடப்பான். "மச்சான், வேடசந்தூர்ல இருந்து ரெண்டு பஸ்சு வந்து நிக்குது, இன்னொரு தேக்சா ஏத்துங்க" என்பான். உடனே இன்னொரு பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறும். செத்த நேரம் கழித்து வந்து, "போதும் மச்சான், பந்தி ஓஞ்சிருச்சு" என்பான். விறகை இழுத்து மண்ணைப் போட்டு அணைப்பார்கள். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. சேதி வந்தால் நெருப்பு ஏறும், சேதி வந்தால் நெருப்பு இறங்கும். இருபது வருஷத்துக்கு மேல் அவர் அப்படித்தான் சமைத்தார், ஒரு பந்தியிலும் சோறு பற்றாமல் போனதில்லை.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, தொண்ணூறில், அவருக்கும் காதர் பீவிக்கும் ஒரு பெண் பிறந்தது. அஃப்சானா. வாஹித் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த நடையைப் பார்த்தால், உலகத்தில் அதற்கு முன் யாருக்கும் பிள்ளையே பிறக்கவில்லை என்று தோன்றும்.

அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒரு கல்யாண வேலை முடிந்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து நெய்யில் வறுத்த முந்திரிப் பருப்பு ஒன்றை எடுத்துப் பாதியைக் கிள்ளி மகள் வாயில் வைத்தார். அவள் சப்பிக்கொண்டே சிரித்தாள். பிறகு உதடு வீங்கியது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்ப, மூச்சு விசில் அடித்தது. பழனி ரோட்டில் அப்போதுதான் கிளினிக் போட்டிருந்த டாக்டர் ஞானதாஸிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஊசியைப் போட்டார். பிள்ளை பிழைத்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் முந்திரி என்ற சொல்லே கிடையாது. வாஹித் வேலை முடித்து வந்தால் வாசல் குழாயடியிலேயே தலையோடு குளித்து, லுங்கியையும் சட்டையையும் அங்கேயே அலசிப் போட்டுவிட்டு, நகக்கண்ணை எல்லாம் தேய்த்த பிறகுதான் மகளைத் தொடுவார். மார்கழிக் குளிரானாலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் இருந்து ஒரு கவளம் சோறு வீட்டுக்கு வந்ததில்லை.

முந்திரி போடாமல் வீட்டில் தனியாக ஆக்கித் தந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆக்கித் தந்தார். அவளும் சாப்பிட்டாள். ஆனால் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? "அத்தா, இது நீங்க ஊருக்கு ஆக்குறது இல்லைல்ல?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள், "உங்கத்தா பிரியாணியை நேத்து மண்டபத்துல சாப்பிட்டோம்டி" என்று கதை கதையாகச் சொல்லுமாம். இவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். ஒரு நாள் வந்து, "அத்தா, ஊர்ல எல்லாருக்கும் உங்க பிரியாணி எப்படி இருக்கும்னு தெரியுது. எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றாள். அழவெல்லாம் இல்லை. சும்மா சொன்னாள்.

வாஹித் அதற்குமேல் வேறு எதையும் பெரிதாக ஆசைப்படவில்லை. மகள் தன் கைப் பிரியாணியை, ஊர் சாப்பிடுகிற அதே பிரியாணியை, ஒரு தடவை சாப்பிட வேண்டும். வேறென்ன கேட்டார் அந்த மனுஷன்?

அஃப்சானாவுக்கு எட்டு வயதானபோது இளைப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. டாக்டர் ஞானதாஸ் மதுரைக்கு ரத்தம் அனுப்பிப் பார்த்தார். ஐஜிஇ என்று ஒன்று, எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேலே. டாக்டர் பொறுமைசாலி. நோயாளியை விரட்டாமல் உட்காரவைத்து விளக்கம் சொல்கிற ரகம்.

"பாய், அலர்ஜிக்குன்னு உடம்பு தயார் பண்ற ஒரு ஆயுதம்தான் இந்த ஐஜிஇ. அது சில செல்லு மேல போயி ஒட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கும். முந்திரி உள்ள வந்தா கப்புன்னு பிடிச்சுக்கும். அந்த செல்லு உடைஞ்சுதான் வீக்கம், தடிப்பு, இளைப்பு எல்லாம்."

"அதை ஏன் டாக்டர் இம்புட்டு செய்யணும்?"

"செய்யச் சொல்லிச் சேதி வருது, செய்யுது. ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பும். சைட்டோகைன்னு சொல்வோம். இன்டர்லூக்கின்னு ஒரு வகை. அதுல நாலாம் நம்பர் வந்து நின்னா, ஐஜிஇ செய் செய்யுன்னு அர்த்தம். இன்டர்ஃபெரான்னு இன்னொண்ணு இருக்கு. அது வந்து போதும், நிறுத்துங்கும். உங்க பொண்ணுக்குச் செய்யச் சொல்ற சேதி கூடிப்போச்சு."

வாஹித் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம யாசின் மாதிரி! தேக்சா ஏத்துன்னுவான், ஏத்துவோம். போதும்னுவான், அணைச்சுருவோம்."

"அதேதான் பாய்" என்று டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அவர் பின்னால் எத்தனை வருஷம் புழுங்கினாரோ.

மலத்தைச் சோதித்ததில் குடலில் புழு இருந்தது. வெறுங்காலோடு தெருவில் ஆடுகிற பிள்ளைக்குப் புழு இருப்பது அதிசயமில்லை. டாக்டர் புழு மாத்திரை கொடுத்தார், சில மாதம் விட்டு மறுபடி கொடுத்தார். இளைப்புக்குத் தனி மருந்து. இந்த இடைவெளியில்தான் வாஹித் நேர்ந்துகொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசலில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஏந்தினார். "யா அல்லா, அந்த நம்பரை இறக்கிக் குடு. இறங்கிருச்சுன்னா ஒரு தேக்சா பிரியாணி ஆக்கித் தெருவுக்கே குடுக்குறேன்" என்று கேட்டார். நேர்ச்சைச் சோற்றில் முதல் வாய், யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர்களுக்கு. அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம்.

நம்பர் இறங்கியது.

தொண்ணூற்றொன்பதில், மழைக்கு முந்தின ஒரு சனிக்கிழமை, டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பாய், ரெண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது நானூறுக்குள்ள வந்துருச்சு. ரொம்ப நல்ல சேதி" என்றார். பிறகு, "ஆனா இது மொத்தக் கணக்கு. முந்திரிக்குன்னு இதுல எவ்வளவுன்னு இது சொல்லாது. அதுக்கு ரத்தத்தைத் தனியா வெளியூருக்கு அனுப்பிப் பாக்கணும். அதுவரைக்கும் முந்திரியைக் கண்ணுல காட்டாதீங்க" என்றும் சொன்னார்.

டாக்டர் சொல்லவில்லை என்று யாரும் பழி போட முடியாது. சொன்னார். வாஹித்தும் தலையை ஆட்டினார். ஆனால் 'நல்ல சேதி' என்ற இடத்திலேயே அவர் மனசு எழுந்து வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. இருபது வருஷமாக, கூட்டம் குறைந்துவிட்டது என்று சேதி வந்தால் பந்தி முடிந்தது என்று அர்த்தம் செய்துகொண்டே வாழ்ந்த மனுஷன். மண்டபத்துக்குள் இரண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கலாம், ஒன்று எழுந்து போயிருக்கலாம், மற்றது இலைக்கு முன்னால் அப்படியே காத்திருக்கலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மறுநாளே நேர்ச்சை என்று முடிவாகிவிட்டது. தெருவில் அடுப்பு மூட்டினார்கள். காதர் பீவிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. முந்திரி ஊறப்போட்ட பாத்திரத்தைக் கண்டதும் கணவரிடம் வந்தாள்.

"என்னங்க, முந்திரியை மட்டும் விட்டுருங்களேன். பாக்கி எல்லாம் போட்டு ஆக்குங்க."

"ஊரான் வீட்டுக்கு நெறைவா ஆக்கிப் போடுவேன், அல்லாவுக்கு நேந்ததுல கொறை வைக்கச் சொல்றியா? கேட்டதை அவன் முழுசாக் குடுத்தான்ல? நான் பாதியாத் திருப்பிக் குடுக்கவா?"

"சரி, டாக்டர்ட்ட இன்னொரு வார்த்தை கேட்டுட்டாச்சும் வாங்க."

"ஞாயித்துக்கிழமை. அவரு சர்ச்சுக்குப் போயிருப்பாரு. அவரேதான் நல்ல சேதின்னு சொன்னாரு. உனக்கு எப்பவும் பயம்."

காதர் பீவி அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். பாத்திரத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்திருக்கலாம். ஆனால் நேர்ச்சை என்று வந்த பிறகு எதிர்த்துப் பேச அவளுக்கும் நா எழவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்ததுதான் உண்மை.

அன்று வாஹித் ஆக்கியது போல அதற்கு முன்னும் ஆக்கியதில்லை, பின்னும் ஆக்கியதில்லை என்று யாசின் இன்றைக்கும் சொல்வான். தம் உடைத்தபோது தெரு முனை வரை வாசனை போனது. பள்ளிவாசல் மோதினார் வந்து பாத்திஹா ஓதினார். அஃப்சானா பெருநாளைக்கு எடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டு, பெரிய மனுஷி போல உட்கார்ந்திருந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் தட்டோடு சுற்றி நின்றன. வாஹித் கையால் அள்ளி ஊதி ஊதி ஆற்றி மகள் வாயில் வைத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"எப்படிடா தங்கம் இருக்கு?"

"இதானாத்தா அது?" என்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னொரு வாய் குடுங்கத்தா."

கொடுத்தார்.

இரண்டாவது வாயை அவள் முழுங்கி முடிப்பதற்குள் கழுத்தைச் சொறிந்தாள். "அத்தா, தொண்டைக்குள்ள அரிக்குது" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை. வாஹித்துக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யாசின் ஆட்டோவை மறித்தான். கிளினிக் பூட்டிக் கிடந்தது. பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்கள். ஆட்டோவுக்குள் காதர் பீவி மகளின் வாயில் தன் வாயை வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள். மணிக்கூண்டைத் தாண்டும்போது, அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்த சின்னக் கை தானாக விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தெருவில் தேக்சா நிறையச் சோறு அப்படியே இருந்தது. தட்டை வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை அவரவர் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். நேர்ச்சைச் சோற்றைக் கொட்டக் கூடாது என்பதால், பிள்ளையின் மய்யித்தை அடக்கிவிட்டு வந்த யாசின் அதை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டு பக்கம் பசித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சாப்பிட்டவர்கள் ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

நாற்பதாம் நாள் பாத்திஹா கழிந்து வாஹித் வேலைக்குத் திரும்பினார். சோறு ஆக்குவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன் என்ன செய்வார். ஆனால் உப்புப் பார்க்கிறதை விட்டுவிட்டார். உள்ளங்கையில் நாலு பருக்கையை வைத்து நக்கிப் பார்த்து, அரைக் கண்ணை மூடி, "இன்னொரு பிடி போடு" என்று அவர் சொல்கிற அழகு போயே போய்விட்டது. யாசின்தான் பார்த்துச் சொன்னான். முந்திரி போடுகிற நேரம் வந்தால் வாஹித் எழுந்து மண்டபத்தின் வாசல் பக்கம் போய்விடுவார். சும்மா இருக்காத சிலர், "மாஸ்டர் கை முன்ன மாதிரி இல்லப்பா" என்றும் பேசினார்கள். அவர்கள் வாயை யார் அடைக்க முடியும்.

காதர் பீவி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவர் ஏங்கினார். வேலை முடிந்து வந்து வாசல் குழாயடியில் அவர் இன்னமும் தலையோடு குளித்தார், இன்னமும் நகக்கண்ணைத் தேய்த்தார். அவள் எதுவும் கேட்காமல் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். யாருக்காக இந்தக் குளியல் என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

டாக்டர் ஞானதாஸை அவர் சந்தித்தது ஐந்தாறு வருஷம் கழித்துத்தான். சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல், போகவேண்டியதாகிவிட்டது. டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. புண்ணைக் கழுவித் துடைத்துக் கட்டுப் போட்டார். பிறகு வாஹித் கேட்டார்.

"டாக்டர், அந்த நம்பர் இறங்குனது பொய்யா?"

டாக்டர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பொய் இல்ல பாய். நெஜமாவே இறங்குச்சு. ஆனா புழுவுக்குன்னு செஞ்சதும் அதே ஐஜிஇ தான், முந்திரிக்குன்னு செஞ்சதும் அதேதான். செய்யச் சொல்லிப் போன சேதியும் ஒண்ணுதான். புழு செத்துச்சு, புழுவுக்கான கூட்டம் கலைஞ்சுச்சு, நம்பர் கொறைஞ்சுச்சு. முந்திரிக்குன்னு உக்காந்திருந்தது அங்கனயேதான் இருந்துச்சு. அது கொஞ்சமா இருந்தாலும் போதும்."

டாக்டர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனசில் வைத்துக்கொண்டிருக்க அவராலும் முடியவில்லை போலிருக்கிறது.

"இப்ப இன்னொண்ணும் ஆராய்ச்சியில சொல்றாங்க. வயித்துல புழு இருக்கறப்ப, அடங்கு அடங்குன்னு சொல்ற ஒரு சேதியும் உடம்புல ஓடிக்கிட்டிருக்குமாம். இன்டர்லூக்கின் பத்துன்னு பேரு. புழு போயிருச்சுன்னா அந்த அடக்குற சேதியும் கொறையலாம், அலர்ஜி முன்னவிடத் துள்ளலாம்ங்கிறாங்க. நம்ம பாப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சான்னு எனக்குத் தெரியாது பாய். யாருக்கும் தெரியாது. ஆனா மாத்திரையை எழுதுன கை என் கை. தூங்க முடியல."

"நீங்க கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்னீங்க டாக்டர். உங்க மேல கொறை இல்ல." வாஹித் எழுந்து நின்றார். கதவுவரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "நம்பரை இறக்கிக் குடுன்னுதான் நான் துவா கேட்டேன். அவன் கேட்டதை அப்படியே குடுத்துட்டான். எம் புள்ளையக் குடுன்னு நான் கேக்கவே இல்லையே டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று காதர் பீவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சர்க்கரை கூடியிருக்காம். இனிப்புச் சேக்கக் கூடாதாம்."

அதன் பிறகும் பல கல்யாணங்களுக்கு அப்துல் வாஹித் சமைத்தார். யாசின் வந்து ஏற்றச் சொன்னால் ஏற்றினார், போதும் என்றால் அணைத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசலுக்கும் போனார். தொழுகை முடிந்ததும் எல்லாரையும் போல இரண்டு கையையும் ஏந்தி உட்காருவார். பக்கத்தில் இருப்பவர்கள் மகன் வேலைக்கு, மகள் கல்யாணத்துக்கு, மழைக்கு என்று உதடு துடிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாஹித்தின் உதடு அசையாது. கேட்டால் கேட்டதே கிடைத்துவிடுமோ என்று அவருக்குப் பயம். வெறும் கையை ஏந்தி, வெறும் கையாகவே முகத்தில் தடவிக்கொண்டு எழுந்து வருவார்.